சம்பளமில்லாத லீவுல எனக்கு ஒரு ஒப்பாரி

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். குளிச்சிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, லயத்து வீட்டு வாசல்ல ஒரு நாற்காலியில ஒழுங்கா உக்காந்திருக்கணும். மடுல்சீமைப் பக்கமிருந்து பொண்ணோட அப்பா மாப்பிள்ளை பாக்க வர்றாரு.

அதைக்கூட என்னால உருப்படியா செய்ய முடியல.

எழுபதுகள்ல நடந்த கதை இது. ஹாலிஎலைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில, கொழுந்து உருட்டுற மெஷின்ல எனக்கு வேலை. அந்த மெஷின் ஒரு நாள் உடைஞ்சு போச்சு. சாமான் கொழும்புல இருந்து வரணுமாம். கொழுந்தை எல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்கு லொறியில அனுப்பிட்டு, ஃபேக்டரி ஆளுங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. சாமான் வர்ற வரைக்கும் லீவு. சம்பளம் கிடையாது, ஆனா பேரு வெட்ட மாட்டோம்னாங்க.

எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. கல்யாணக் காரியம் பாக்க நேரம் கிடைச்சுதேன்னுதான் இருந்தேன். ஏன்னா அதுக்கு முன்னாடி வந்த சம்பந்தம் எல்லாம் ஒவ்வொண்ணா தட்டிப் போயிருந்துச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க வருவாங்க, டீ குடிப்பாங்க, போற வழியில லயத்துல நாலு பேருகிட்ட என்னைப் பத்தி விசாரிப்பாங்க. அதோட ஆளையே காண முடியாது.

முக்கியமா பச்சையம்மாக்கா. ஒரே கூரைக்குக் கீழ வரிசையா இருக்கிற எங்க லயத்துலயே கடைசிக் காம்பரா அவங்களோடது. தண்ணிப் பீலியில யாரு வாளி முதல்ல வைக்கிறதுன்னு அவங்களுக்கும் எங்களுக்கும் தீராத சண்டை. போன தடவை விசாரிக்க வந்தவங்ககிட்ட, பையன் சம்பளத்தன்னிக்குக் கள்ளுத் தவறணையிலேயே குடியிருக்கான்னு சொல்லிட்டாங்க.

அது முழுப் பொய்னு நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும் சொல்லலாமா?

அம்மா முடிவாச் சொல்லிட்டா. இந்தச் சம்பந்தமும் போச்சுன்னா இனிமே அவ யாரு வீட்டுப் படியும் ஏற மாட்டாளாம். நான் காவி கட்டிக்கிட்டு கதிர்காமம் போயிடலாமாம்.

அந்த நேரத்துலதான் டீமேக்கர் ஐயா ஆள் விட்டுக் கூப்பிட்டாரு. ஃபேக்டரிக்கே அவருதான் ராஜா. ஞாயித்துக்கிழமை காலையில முதலுதவிப் பயிற்சி, ஃபேக்டரி ஆளுங்க அத்தனை பேரும் வரணும், தோட்டத்துத் துரையோட உத்தரவுன்னாரு.

"ஐயா, இப்ப லீவுங்களே" ன்னேன்.

"லீவுங்கிறதாலதான்யா வைக்கிறோம். வேலை நாள்ல வச்சா வேலை கெட்டுப் போகாதா?"

"அப்ப அன்னிக்குச் சம்பளம் உண்டுங்களா?"

"லீவு நாள்ல எவன்யா சம்பளம் குடுப்பான்?"

ரெண்டு பக்கமும் அடைச்சிட்டாரு மனுசன். வராதவன் பேரு செக்ரோல்ல, அதான் சம்பளப் பதிவுல, இருக்காதுன்னும் சொன்னாரு. வேலையில்லாத மாப்பிள்ளைக்கு யாரு பொண்ணு குடுப்பா? சரிங்கன்னுட்டு வந்துட்டேன்.

பொண்ணோட அப்பா வர்றதும் அதே ஞாயித்துக்கிழமைதான். ஆனா அவரு பதுளை வந்து, பஸ் மாறி, மலையேறி வர்றதுக்கு மத்தியானம் ஆகும். பயிற்சி வெள்ளனவே முடிஞ்சிடும்னாங்க. நான் புத்தியா ஒரு காரியம் பண்ணேன். காலையிலேயே குளிச்சு, புதுச் சாரமும் வெள்ளைச் சட்டையும் போட்டு, பவுடர் பூசி, அப்படியே பயிற்சிக்குப் போயிட்டேன். முடிஞ்சதும் நேரா நாற்காலிதான்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டர் ஐயா ஆடி அசைஞ்சு வந்தாரு. மருந்து பேரெல்லாம் சொல்லி ரொம்ப நேரம் பேசினாரு. அப்புறம், அடிபட்டவனா நடிக்க ஒரு ஆளு வேணும்னு எங்களை ஒருக்கா சுத்திப் பாத்தாரு. மத்தவங்க எல்லாம் விறகு வெட்டப் போற கோலத்துல நிக்கிறாங்க.

"நீதான் சுத்தமா வந்திருக்க. நீ படு" ன்னாரு.

பவுடர் பூசினதுக்குக் கிடைச்ச கூலி.

முதல்ல தாடை உடைஞ்சிருக்குன்னாரு. ஒரு வெள்ளைத் துணியைத் தாடைக்குக் கீழ குடுத்து உச்சந்தலையில இறுக்கி முடிச்சுப் போட்டாங்க. அதோட என் பேச்சு நின்னு போச்சு. அடுத்து வலது கை முறிஞ்சிருக்குன்னு நெஞ்சோட சேத்துக் கட்டினாங்க. அடுத்து ஒரு கால் முறிஞ்சிருக்குன்னு ரெண்டு பாதத்தையும் சேத்துக் கட்டினாங்க.

மல்லாக்கப் படுத்துக்கிட்டு யோசிச்சேன். தாடையில கட்டு, கால்ல கட்டு. இந்த மாதிரி நம்ம ஆளுங்க வேற யாருக்கோ கட்டுவாங்களேன்னு தோணுச்சு. யாருக்குன்னு நெனவு வந்தப்ப, சொல்றதுக்கு வாய் இல்ல.

ரெண்டு மூங்கில்ல சாக்கைக் கோத்து என்னை அதுல தூக்கி வச்சாங்க. ஃபேக்டரியில இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிட்டுப் போறது பயிற்சியோட கடைசிப் பாடம். வழியில லயத்து ஆளுங்களும் உதவிக்கு ஓடி வந்து பழகணும்னு டீமேக்கர் ஐயாவுக்கு ஒரு யோசனை. காலையில ஆளுங்களை வேலைக்குக் கூட்டுற பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிக்கிற மாரிமுத்து அண்ணனைக் கூப்பிட்டு, சனம் ஓடி வர்ற மாதிரி அடின்னாரு.

மாரிமுத்து அண்ணன் கொஞ்ச நேரம் யோசிச்சாரு. அப்புறம் அடிச்சாரு பாருங்க, எழவு தப்பு!

தோட்டத்துல தப்பு அடிக்கிற விதத்திலேயே சேதி தெரிஞ்சிடும். பெரட்டுக்கு ஒண்ணு, திருவிழாவுக்கு ஒண்ணு, சாவுக்கு ஒண்ணு. இந்தக் கடைசி அடி கேட்டா அடுப்புல இருக்கிற சோத்தையும் விட்டுட்டு ஓடி வருவாங்க. வந்தாங்க. லயமே காலியாச்சு.

வந்தவங்க பாத்தது என்ன? மூங்கில் மேல, வாய்க்கட்டும் கால்கட்டுமா, வெள்ளைச் சட்டையில, முகத்துல பவுடரோட நான்.

முதல் ஆளா என் மேல விழுந்தது பச்சையம்மாக்கா. மாருல அடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சாங்க.

"பீலிக்கு வந்தா எனக்கு முந்தி வாளி வைக்காத என் ராசா! தவறணைப் பக்கம் தலை வச்சும் படுக்காத என் தங்கமே!"

படுத்தபடியே கேட்டுக்கிட்டிருந்தேன். எனக்கே யாரைப் பத்திப் பாடுறாங்கன்னு சந்தேகம் வந்துடுச்சு. ஆனா நெஜமா சொல்றேன், கண்ணு கலங்கிடுச்சு. இந்த அக்காவோடவா இத்தனை வருசம் வாளிக்குச் சண்டை போட்டோம்?

தூக்கிட்டு வந்தவங்க பயிற்சி, பயிற்சின்னு கத்துறாங்க. ஒப்பாரியில யாரு காதுல விழும்?

அப்பத்தான் ரோட்டு வளைவுல, பொண்ணோட அப்பாவைக் கூட்டிட்டு வரப் போயிருந்த என் தாய்மாமன் தலை தெரிஞ்சுச்சு. கூடவே வாழைப்பழச் சீப்போட ஒரு பெரியவரு. மத்தியானமே ஆயிடுச்சு போல. சாவு எதிர்ல வருதேன்னு பெரியவரு தோள்ல கிடந்த துண்டை எடுத்துட்டு, மரியாதையா ஓரமா ஒதுங்கி நின்னாரு. நின்ன இடத்துல பச்சையம்மாக்கா பாட்டு முழுசும் கேட்டிருக்காரு.

பாவம், யாரு இதுன்னு மாமாகிட்ட மெதுவாக் கேட்டாரு. மாமா எட்டிப் பாத்தவரு அப்படியே ரோட்டுல உக்காந்துட்டாரு.

"நீங்க பாக்க வந்த மாப்பிள்ளைதாங்க."

இதுக்கு மேல பிணமா இருந்தா சம்பந்தம் போயிடும். பேச முடியல. வணக்கமாவது வைப்போம்னு எழும்பி உக்காந்து, கட்டாத இடது கையைத் தூக்கினேன்.

பெரியவரு நல்ல மனுசன். பழச்சீப்பைக் கீழ வச்சிட்டு ரெண்டு கையும் கூப்பி எனக்குப் பதில் வணக்கம் வச்சாரு. அதுக்கப்புறம்தான் தேயிலைக்குள்ள பாய்ஞ்சாரு.

பச்சையம்மாக்கா வீறிட்டு, முன்னாடி தூக்கிட்டு வந்தவனைக் கட்டிப் பிடிச்சாங்க. அவன் மூங்கிலை விட்டான். நான் தண்ணி ஓடுற ரோட்டோரக் கானுக்குள்ள போனேன். பொய்யா முறிஞ்ச கால் அங்க நெஜமாவே பிசகிடுச்சு. பயிற்சி எடுத்த அத்தனை பேரும் சுத்தி நின்னு, ஐயோ யாராவது டாக்டரைக் கூப்பிடுங்கன்னு கத்தினாங்க.

அப்புறம் விசாரணை. மாரிமுத்து அண்ணன் கலங்கவே இல்ல.

"பெரட்டுத் தப்புக்கு யாருங்க ஓடி வந்திருக்கா? ஓடி வரணும்னீங்க. ஓடி வர்றதுக்கு இது ஒண்ணுதானுங்க இருக்கு."

டீமேக்கர் ஐயா விசாரணையை அதோட முடிச்சிட்டாரு.

பெரியவரைத் தேயிலையில இருந்து சமாதானப்படுத்தி எங்க காம்பராவுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. அம்மா டீ குடுத்தா. நான் வீங்கின காலோட அதே நாற்காலியில உக்காந்திருந்தேன். அவரு டீயைக் குடிச்சு முடிச்சாரு. லயத்துல விசாரிச்சிட்டுத்தான் முடிவு சொல்லுவீங்களான்னு மாமா பயந்து பயந்து கேட்டாரு.

"இனிமே என்னத்தங்க விசாரிக்க? உசிரோட இருக்கிற பையனை அக்கம்பக்கத்துல இவ்வளவு நல்லா சொல்லி நான் கேட்டதே இல்ல. தேதி வைங்க" ன்னாரு.

வாசல்ல நின்ன பச்சையம்மாக்கா வாயைத் திறந்தாங்க. என் முகத்தைப் பாத்தாங்க. மூடிக்கிட்டாங்க. அன்னையில இருந்து பீலியில அவங்க வாளிதான் முதல்ல.

ஃபேக்டரி திறந்ததும் நொண்டிக்கிட்டே வேலைக்குப் போனேன். கல்யாணத்துக்கு ரெண்டு நாள் லீவு கேட்டேன். டீமேக்கர் ஐயா ரொம்ப சந்தோசப்பட்டாரு.

"தாராளமா எடுத்துக்க. அந்த ரெண்டு நாள்லயும் தீயணைப்புப் பயிற்சி இருக்கு, அதுக்கு மட்டும் வந்துடு."

லீவே வேணாம்னுட்டேன். காலையில மெஷின் ஓட்டிட்டு, சாயங்காலம் தாலி கட்டினேன்.