காமிரா உறை கிடைத்தது தொடர்பாகச் சகலைக்கு

அன்பும் பண்பும் நிறைந்த சகலை அவர்களுக்கு, உங்கள் மனைவியின் அக்காவைக் கட்டியவன் எழுதிக்கொள்வது. இவ்விடம் என் இடது முழங்கால், கட்டிலின் நடுச்சட்டம் ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லாம் சௌக்கியம். அவ்விடம் உங்கள் சௌக்கியத்தையும், உங்களை நம்பி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்களின் சௌக்கியத்தையும் அறிய ஆவல்.

இருபத்தாறு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்து நீங்கள் திகைத்துப் போயிருப்பீர்கள். இத்தனை காலமும் நாம் இரண்டு பேரும் "அவர்கிட்ட சொல்லு" என்றுதான் பேசி வந்திருக்கிறோம். மாமனார் இறந்த அன்றுகூட, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி "அவருக்கு டீ வேணுமா, கேளு" என்று நீங்கள் உங்கள் மனைவியிடம் சொல்ல, "வேணாம்னு சொல்லிடு" என்று நான் என் மனைவியிடம் சொல்ல, அக்காவும் தங்கையும் நமக்கு நடுவில் மொழிபெயர்ப்பாளர்களாக நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும். ஆகவே முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இது சமாதானக் கடிதம் அல்ல. நான் முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன். என் கையெழுத்தை நம்பி ஒரு நகரமே மேலும் கீழும் போய் வந்தது. ஒரு லிஃப்ட்கூட விழுந்ததில்லை. அப்படிப்பட்டவன் ஒன்றைக் கண்டால், கண்டபடி அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் என் மனைவி, போர்வைகளை வெயிலில் போட வேண்டும், பரணில் இருக்கும் பெரிய பெட்டியை இறக்கிக் கொடுங்கள் என்றாள். "வாட்ச்மேனைக் கூப்பிடவா? அவர்கிட்ட ஏணி இருக்கு" என்று வேறு கேட்டாள். "லிஃப்டுக்கே சர்டிபிகேட் கொடுத்தவன்டி நான், எனக்கு எதுக்கு ஏணி?" என்று சொல்லிவிட்டு, கட்டில் மேல் நாற்காலி, நாற்காலி மேல் முக்காலி, முக்காலி மேல் நான் என்று ஏறினேன். என் எடை எழுபத்தெட்டு கிலோ. முக்காலி நூற்றுப் பத்து கிலோ வரை தாங்கும். இந்தக் கணக்கில் இன்றைக்கும் ஒரு தப்பும் இல்லை. முக்காலி உடையவே இல்லை, சகலை. நகர்ந்தது. நகர்வது வேறு தலைப்பு. நான் ஒரு கையால் பரணின் விளிம்பையும் மறு கையால் பெட்டியின் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு தொங்கினேன். "கையை விடுங்க, கீழே மெத்தைதானே" என்றாள் அவள். "எந்த லிஃப்டா இருந்தாலும் கயிறு அறுந்தா பிரேக் பிடிக்கும், எனக்குப் பிரேக் எங்கடி இருக்கு?" என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, என் விரல் மாட்டியிருந்த பெட்டியின் கைப்பிடி தன் முடிவைத் தானே எடுத்துக்கொண்டது. முதலில் பெட்டி என்னைத் தாண்டிக் கீழே போயிற்று. அடுத்து நான் போனேன். அதற்கடுத்து கட்டிலின் நடுச்சட்டம் போயிற்று. எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, பெட்டிக்குப் பின்னால் இருந்த ஒரு பொருள், தனக்கொன்றும் அவசரமில்லை என்பதுபோல் உருண்டு வந்து என் நெற்றியில் விழுந்தது. என் மனைவி ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி, "பெட்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

நெற்றியைத் தடவிக்கொண்டே மடியில் கிடந்ததைப் பார்த்தேன். சகலை, அது மாமாவின் காமிரா உறை. அதேதான். பழுப்புத் தோல், மூடியில் பித்தளைப் பொத்தான், தோள்வாரின் ஒரு பக்கம் அறுந்துபோய் மாமா தன் கையாலேயே தடித்த நூலால் தைத்த தையல். திறந்தால் உள்ளே சிவப்பு வெல்வெட்டில் காமிராவின் வடிவத்தில் ஒரு குழி. குழிதான் இருந்தது, காமிரா இல்லை. மூடியின் உள்பையில் ஒரு சின்னத் தகர டப்பாவில் ஃபிலிம் சுருள் ஒன்றும், நான்காக மடித்த காகிதம் ஒன்றும் இருந்தன.

அந்த அணைக்கட்டுப் பூங்காவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும் அறிக்கை முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மாமாவின் காமிராவை உறையோடு படகுத்துறை பெஞ்சில் வைத்துவிட்டு நீங்களும் நானும் படகுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் பெஞ்ச் காலி. "உங்ககிட்டதானே இருந்துச்சு" என்றேன் நான். "நான்தான் உங்ககிட்ட கொடுத்தேனே" என்றீர்கள் நீங்கள். வேன் நின்ற இடம் வரைக்கும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தோம். வேன் பக்கத்தில் வைத்துத்தான் நான் உங்களைப் பார்த்து "ஊரான் பல்லைப் பிடுங்குறவனுக்கு அடுத்தவன் பொருளோட அருமை எங்க தெரியும்" என்றேன். நீங்கள் "மேல கீழ போறதைத் தவிர வாழ்க்கையில என்னத்தைக் கண்டீங்க" என்றீர்கள். அதற்கப்புறம் பேசியதையெல்லாம் அறிக்கையில் சேர்க்க முடியாது.

இனி அந்தக் காகிதத்தைப் பற்றி. மாமா நீர்வளத் துறையில் வரைபடம் போட்டவர் அல்லவா, எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் எண் போட்டு, அரிசி அரிசியாக எழுதி வைப்பார். அன்றைக்கு எடுத்த முப்பத்தாறு படங்களும் அதில் இருந்தன. சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். "4. சின்ன மாப்பிள்ளை சிரிக்கிறார். பல் டாக்டர், ஆனால் வாயைத் திறக்கவில்லை." "7. பெரிய மாப்பிள்ளை பாலத்தின் பலத்தைச் சோதிக்கிறார். குதித்து." "11. இரண்டு மாப்பிள்ளைகளும் தோளில் கை போட்டபடி. நான் போடச் சொல்லவில்லை, அவர்களே போட்டது." "19. சின்ன மாப்பிள்ளை எடுத்தது. என் மனைவியும் நானும். கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் இரண்டாவது." "23. பெரிய மாப்பிள்ளை எடுத்தது. அணை, தண்ணீர், அவர் கட்டைவிரல்."

இதையெல்லாம் படித்துச் சிரித்துக்கொண்டே கடைசி வரிக்கு வந்தேன். சகலை, நீங்கள் ஏதாவது ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிப்பது நல்லது. "36. மாப்பிள்ளைகள் சண்டை, வேன் பக்கத்தில். சுருள் முடிந்தது."

புரிகிறதா? காமிராவைத் தொலைத்தது யார் என்று நாம் அடித்துக்கொண்டிருந்ததை, மனிதர் அதே காமிராவால் படம் எடுத்திருக்கிறார்!

உடைந்த கட்டிலில் உட்கார்ந்தபடியே என் மனைவியைக் கூப்பிட்டு, "இது என்னடி?" என்று காகிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பெஞ்சுல இருந்து அப்பாதாங்க எடுத்துட்டுப் போனார். கரையில ஏதோ பறவை நின்னுச்சாம், எடுக்கப் போயிட்டார். திரும்பி வந்து பார்த்தா நீங்க ரெண்டு பேரும் கை நீட்டிக் கத்திக்கிட்டிருந்தீங்க. விளையாட்டுன்னு நினைச்சு ஒண்ணு எடுத்துட்டார்."

"எடுத்தவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வந்தாரே! 'மாப்பிள்ளை, ஒரு நிமிஷம்'னு பக்கத்துல வந்தார். நீங்கதான் 'நீங்க போய் வண்டியில உட்காருங்க மாமா, உங்க பொருளுக்கு நான் பதில் வாங்கித் தர்றேன்'னு அனுப்பி வச்சீங்க."

சகலை, நான் அப்படிச் சொன்னது உண்மை. சொன்ன தோரணைகூட நினைவுக்கு வந்துவிட்டது. அதற்குள் நாம் பேச்சில் எங்கெங்கேயோ போய்விட்டோமாம். இந்த நேரத்தில் காமிராவை எடுத்துக் காட்டினால் இரண்டு மாப்பிள்ளைகளும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்து, மாமா அதைச் சாப்பாட்டுக் கூடையில் துண்டுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டார். கோபம் ஆறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மகள்களிடம் சொன்னாராம். நாம் ஆறவில்லை. வருடம் ஆக ஆக, சொல்வதும் கஷ்டமாகிப் போயிற்று. வீட்டில் காமிராவை எடுத்தால் நம் இருவரில் ஒருவர் பார்த்துவிடுவோமே என்று, அதற்குப் பிறகு அவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை. உங்கள் வீட்டு ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். நான் இங்கே பார்த்தேன். பிள்ளைகள் நடந்தது, பள்ளிக்கூடம் போனது, எதிலும் அவர் எடுத்த படம் ஒன்று கிடையாது. எல்லாம் யார் யாரோ எடுத்தது.

"நீயாவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றேன். "ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். 'அந்தப் பேச்சை எடுக்காதே'ன்னு எழுந்து போயிட்டீங்க. அப்பா வீட்டைக் காலி பண்ணினப்போ இந்த உறையை என்கிட்ட கொடுத்தார். நான் பரண்ல போட்டேன்." "அப்ப காமிரா?" என்று கேட்டேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் பால் வைத்திருக்கவில்லை. இதை நான் அப்போதே குறித்துக்கொண்டேன்.

மறுநாள் நொண்டிக்கொண்டே பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஸ்டுடியோவுக்குச் சுருளை எடுத்துப் போனேன். அதை நடத்துகிற அம்மாள் டப்பாவைத் திறந்து பார்த்து, "சார், இத்தனை வருஷம் பரண் சூட்டுல கிடந்திருக்கு. ஒண்ணு ரெண்டு வந்தா உங்க அதிர்ஷ்டம்" என்றார். "வரும், கழுவுங்க" என்று நான் உறுதியாகச் சொன்னேன். மூன்று வந்தது. ஒன்றில் வெறும் வானம். இன்னொன்றில் என் கட்டைவிரல். அதைப் போல ஒரு துல்லியமான படத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை, ரேகைகூட எண்ணலாம். மூன்றாவது, முப்பத்தாறு. நீங்களும் நானும் வாயைப் பிளந்துகொண்டு, ஒருவர் மூக்குக்கு நேராக இன்னொருவர் விரல். நடுவில் வேன் டிரைவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் தலை நிறைய முடி. என் சட்டை இடுப்புக்குள் அடங்கியிருக்கிறது. நாம் இவ்வளவு சின்னப் பையன்களாக இருந்தோமா, சகலை? "இந்தப் பதினோராவது படம்?" என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். "அது முழுக்கக் கறுத்துப் போச்சு சார்" என்றார். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். முழங்கால் வலி.

ஆகவே, முறைப்படி சோதித்ததில் நான் கண்ட முடிவுகளாவன: நீங்கள் காமிராவைத் தொலைக்கவில்லை. நானும் தொலைக்கவில்லை. காமிரா தொலையவே இல்லை. தொலையாத பொருளுக்காக நாம் இருபத்தாறு வருடம் சண்டை போட்டதில், முதலில் கத்தியவன் என்ற முறையில் என் பங்கு சற்றுக் கூடுதல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பல்லைப் பற்றி நான் சொன்ன சொல்லை வாபஸ் வாங்குகிறேன். அது தப்பு, அந்த இடத்தில், மாமா முன்னால், சொல்லியிருக்கக் கூடாது. லிஃப்டைப் பற்றி நீங்கள் சொன்னதை நீங்கள் வாபஸ் வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். நான் வற்புறுத்தவில்லை, எதிர்பார்க்கிறேன். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, இந்த உறையையும் படங்களையும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். யார் மூலமாகவும் பதில் சொல்லி அனுப்ப வேண்டாம். கதவை நீங்களே திறந்தால் போதும்.

உங்கள் மனைவிக்கு என் ஆசிகள், பிள்ளைகளுக்கு என் அன்பு, உங்கள் கிளினிக்கில் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்தக் கோபக்கார நர்ஸுக்கும் என் வணக்கம். எல்லோரும் நூறு வயது வரை சொந்தப் பல்லோடு இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் பெரிய சகலை.

பி.கு.: ஒட்டுவதற்கு முன்னால் என் மனைவி இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, "இதெல்லாம் அவருக்கு ஒன்பது வருஷமாத் தெரியுமே" என்கிறாள்! மாமா பல் செட் கட்டிக்கொள்ள உங்களிடம் வந்த வருடம், எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லி, காமிராவையும் உங்கள் கையிலேயே கொடுத்து, "பெரிய மாப்பிள்ளை என்னைக்காவது வருவார், வந்தா கொடுங்க" என்றாராமே? அதை நீங்கள் பல் அச்சு வைக்கும் அலமாரியில் வைத்துக்கொண்டு, முதலில் கத்தியவர்தானே முதலில் வர வேண்டும் என்று ஒன்பது வருடம் காத்திருந்தீர்களாமே? மாமா போன அன்று எனக்கு டீ வேண்டுமா என்று கேட்கச் சொன்னீர்களே, அப்போதும் தெரியுமா? ஆகவே மேலே நான் ஒப்புக்கொண்டது, வாபஸ் வாங்கியது அனைத்தையும் ரத்து செய்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருவதில் எந்த மாற்றமும் இல்லை. என் கீழ்ப்பல் ஒன்று ஆறு மாதமாக ஆடுகிறது, வேறு யாரிடமும் காட்டப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு திட்ட முடியாது என்பதால், முதலில் சண்டை, அப்புறம் பல்.