மொட்டைப் பாறையில் நட்சத்திரம் பிடித்த கதை

பிடிவாதக்காரனுக்குக் கம்பளி கொடுக்கக் கூடாது. எண்பதுகளில் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகனாக இருந்தபோது இதை நானே நிரூபித்தேன்.

என் மனைவியின் தம்பி பெங்களூரிலிருந்து புதுக் கேமராவோடு வந்திருந்தான். வானத்தைச் சிறிது நேரத்துக்கு ஒருமுறை படமெடுத்து வரிசையாகப் பார்த்தால் நட்சத்திரங்கள் நகர்வது தெரியும், பாலைவனத்தில்தான் நன்றாக வரும் என்று பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன். சிரித்தான்.

"நட்சத்திரம் நகர்றதைக் காட்டுங்க மாமா, கேமரா உங்களுக்கே."

ராஜஸ்தான் போக லீவு கிடைக்காது. (கேட்கவேயில்லை, அது வேறு.) ஜவளகிரிக்கு அப்பால் காட்டோரம், புல்கூட முளைக்காத ஒரு மொட்டைப் பாறையைப் பார்த்து வைத்தேன். அமாவாசையன்று கடைசி பஸ்ஸில் போய் அதன்மேல் ஏறினேன். கீழே ராகிக் கொல்லைகள். பாறையைச் சோதித்தவன் கொல்லையைச் சோதிக்கவில்லை.

குளிர். கேமராவை முக்காலியில் பொருத்தி, சாம்பல் நிறக் கம்பளியைத் தலையோடு போர்த்திக் குந்தினேன். ஒவ்வொரு படத்துக்கும் முந்நூறு எண்ணும்வரை ஷட்டரைத் திறந்தே வைக்கும் கம்பியை அழுத்திப் பிடிக்க வேண்டும். அசையக் கூடாது.

எட்டாவது படத்தின்போது கீழிருந்து டார்ச் வெளிச்சம் பாய்ந்தது. ராகிக்குக் காவல் இருந்தவர்கள்.

"ஒத்தை யானைடா. நகரவே மாட்டேங்குது."

யானை எனக்குப் பின்னால் நிற்கிறது என்று நினைத்தேன். ஓடியிருக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கை இருநூற்றுப் பன்னிரண்டில் இருந்தது. பயத்தில் இன்னும் உரக்க எண்ணினேன். அவர்கள் தகரம் தட்டினார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் யானையைப் போகச் சொன்னார்கள். பிறகு ஒரு குரல், மெதுவாக:

"அண்ணா, இந்த யானை எண்ணுதுங்கண்ணா."

பேய் யானை என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். அடுத்துப் பட்டாசு வந்தது. முதல் வெடி காலடியில் விழுந்ததும், அழுத்திய கம்பியை விடாமலே, முக்காலியைக் கட்டிக்கொண்டு கம்பளியோடு ஓடினேன். இரண்டு காலில் ஓடும் யானையைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. விடியும்வரை தீ அருகே உட்கார வைத்து, மாறி மாறி என்னை எண்ணச் சொல்லிக் கேட்டார்கள்.

படச்சுருளைக் கழுவிப் பார்த்தால், லென்ஸில் பனி படிந்து முதல் ஏழு படமும் மங்கல். ஓட்டத்தில் கம்பளி லென்ஸைத் துடைத்துவிட்டதோ என்னவோ, எட்டாவதில் மட்டும் வானம் முழுக்கக் கோடு கோடாக ஓடியிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நீட்டினேன். மச்சான் வெகுநேரம் பார்த்தான்.

"நகர்ந்தது நட்சத்திரம் இல்ல மாமா. நீங்க."

கேமரா பெங்களூருக்கே திரும்பிப் போயிற்று.

இன்றும் காலையில் மாத்திரைகளை எண்ண ஆரம்பித்தால், சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுப்பாள்: "யானை எண்ணுது, யாரும் பக்கத்துல போகாதீங்க."

நான் நிறுத்துவதில்லை. பாதியில் விட்டு ஓடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.