சிவப்பு வளையமும் செவந்தியின் மயில் பிள்ளையும்

ஒரு காட்டில், கேட்க ஆளிருந்தால் இன்றைக்கும் இருக்கிற ஒரு காட்டில், செவந்தி என்றொரு கோழி அடை உட்கார்ந்தாள். அவளுக்கு அடியில் இருந்தது அவள் இட்ட முட்டை இல்லை. ஓடைக்கரையில் ஏதோ ஒரு மயில் இட்டுவிட்டு மறந்துபோன முட்டை. இருபத்தொரு நாள் ஆயிற்று. பொரிக்கவில்லை.

"கூமுட்டைடி அது. எழுந்து வந்து இரை பொறுக்கு," என்றாள் பக்கத்தில் குடியிருந்த கினிக்கோழி புள்ளியம்மா.

செவந்தி எழவில்லை. இருபத்தெட்டாம் நாள் ஓடு விரிசல் விட்டது. உடம்பைவிடக் கால் நீளமாக ஒரு மயில்குஞ்சு வெளியே வந்து, அவளையே அம்மா என்றது. பட்டு என்று பேர் வைத்தாள்.

அவர்கள் இருந்தது புளியமரத்தடிக் குடியிருப்பு. அங்கே எல்லோரும் ஒரே குப்பைமேட்டைத்தான் கிளறுவார்கள். அதிலேயே தின்பார்கள், அதிலேயே எச்சமும் இடுவார்கள். இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஒற்றுமை.

இரண்டாம் மாதம் பட்டுவின் இறக்கை தொங்கிப்போனது. இரை எடுக்கவில்லை. எச்சம் மஞ்சள் கரைத்த மாதிரி போயிற்று. செவந்தி அவனைத் தள்ளிக்கொண்டு கொக்கு வைத்தியரிடம் ஓடினாள். அங்கே டோக்கன், வரிசை. அவளுக்கு முன்னால் நின்ற ஆமை, போன மாதம் வந்த காய்ச்சலுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது.

வைத்தியர் ஒற்றைக்காலில் நின்றபடியே பார்த்தார். புழு விஷயத்தில் அவர் கைராசிக்காரர். ஓய்வு நேரத்தில் அவர் சாப்பிடுவதும் அதைத்தான்.

"பையனுக்கு மருந்து தர்றேன், இந்தத் தடவை பிழைச்சுக்குவான். ஆனா வியாதி இருக்கிறது உங்க வயித்துலம்மா."

"என் வயித்துலயா? நான் நல்லாத்தானே இருக்கேன், ஐயா!"

"அதான் சங்கதியே. கோழிக்கு உள்ள புழு இருந்தாலும் வெளியே தெரியாது. புழு முட்டை எச்சத்தோட விழும். அதுக்குள்ள கிருமி உட்கார்ந்திருக்கும். மயில்குஞ்சு அதைக் கொத்தினா ஈரல் போயிடும். ஒண்ணு, குடியிருப்புல அத்தனை பேரும் ஒரே நாள்ல புழு மருந்து குடிக்கணும். இல்லைன்னா இவனைத் தனியா கொண்டுபோய் வளர்க்கணும்."

"பிறந்த இடத்தை விட்டு எங்கே ஐயா போவேன்?"

"அப்போ எல்லாரையும் குடிக்க வையுங்க. மறுபடி இவனுக்கு வந்தா இங்கே தூக்கிட்டு வராதீங்க. என்னால ஆகாது."

ஒரு கட்டுப் படிவம் கொடுத்தார். 'எனக்குப் புழு உண்டு' என்று ஒப்புக்கொண்டு நகக்கீறல் வைக்க வேண்டும். மருந்து குடித்தவர் காலில் சிவப்பு வளையம் மாட்டுவார்கள், யாருக்கும் இரண்டு தடவை ஊற்றிவிடாமல் இருக்க. புழு போனதும் கழற்றிவிடுவார்கள்.

செவந்தி வீடு வீடாகப் போனாள். குடியிருப்புத் தலைவர் கொண்டையப்பச் சேவல் படிவத்தை ஒற்றைக் கண்ணால் படித்தார்.

"எங்க வம்சத்துல புழு தின்னவங்க உண்டும்மா. புழு உள்ளவங்க கிடையாது."

"நான் தினம் மூணு வேளை குளிக்கிறவ," என்றாள் சம்பங்கி வாத்து.

புள்ளியம்மா மட்டும் மனசில் பட்டதைச் சொன்னாள். "நீ பெத்த பிள்ளைன்னாலும் சரி. யாரோ பெத்துப் போட்டதுக்கு நாங்க எதுக்குடி அசிங்கப்படணும்?"

செவந்தி தன் படிவத்தில் மட்டும் கீறினாள். மருந்து வேப்பங்காயாகக் கசந்தது. அவள் காலில் ஒரு வளையம், பட்டுவின் காலில் ஒரு வளையம்.

மறுநாள் பட்டு குப்பைமேட்டைத் தாண்டி நடந்தான். அந்த நீளக் காலில் வளையம் பளபளத்தது. புள்ளியம்மாவுக்கு இரை இறங்கவில்லை.

"அது என்னடி உன் பையன் காலில்?"

செவந்தி உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கையில் மீந்திருந்த படிவங்கள் ஞாபகம் வந்தன.

"இதுவாக்கா? இது எல்லாருக்கும் கிடைக்காது. புழு இருக்கிறவங்களுக்குத்தான். அதுவும் நல்ல இடத்துப் புழுவா இருக்கணுமாம். மயிலாச்சே, அதனால உடனே குடுத்துட்டாங்க."

உச்சி வேளைக்குள் கொண்டையப்பர் குப்பைமேட்டின் மேல் ஏறிவிட்டார். "நேத்துப் பொரிச்ச பயலுக்கு வளையம், நமக்கு இல்லையா? நமக்கும் புழு உண்டு! நம்ம பாட்டன் காலத்திலிருந்தே உண்டு!"

வைத்தியசாலை வாசல் கொள்ளவில்லை. "நாற்பது புழு, எழுதிக்குங்க," என்றார் கொண்டையப்பர். "எனக்கு அறுபது. அதுல பாதிக்கு நீச்சல் தெரியும்," என்றாள் சம்பங்கி. புள்ளியம்மா தன்னுடையதை எண்ணிக்கொண்டே இருப்பதாகவும், இன்னும் முடியவில்லை என்றும் சொன்னாள். அத்தனை பேரும் மருந்தைக் குடித்து, காலை நீட்டி, வளையத்தோடு வந்தார்கள்.

இரண்டு வாரத்தில் குடியிருப்பே தெளிந்துவிட்டது. பட்டு புளியங்கிளை வரைக்கும் பறந்தான். நல்ல கதையாக இருந்தால் இங்கேயே முடிந்திருக்கும்.

கொக்கு வைத்தியர் வந்தார். எச்சங்களைப் பார்த்தார். "யாருக்கும் புழு இல்லை. ரொம்ப சந்தோஷம். வளையத்தைக் கழட்டணும், காலை நீட்டுங்க."

ஒருவரும் நீட்டவில்லை.

"யாரைக் கேட்டுப் புழு இல்லேங்கறீங்க?" என்றார் கொண்டையப்பர். "என் பொண்ணுக்கு வரன் வந்ததே இந்த வளையத்தைப் பார்த்துத்தான்."

"புழு இல்லாதவங்க போடக்கூடாதுங்க. சட்டம்."

"எவ்வளவு நேரம் தருவீங்க?"

"மதியம் மறுபடி வரேன்."

வைத்தியர் தலை மறைந்ததுதான் தாமதம், குடியிருப்பே கிளம்பி ஓடைக்குக் கீழே காட்டுக்கோழிகள் கழிக்கிற மேட்டில் போய் விழுந்தது. வயிறு முட்டக் கொத்தினார்கள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அலகு அலகாக அள்ளிவந்து தங்கள் குப்பைமேட்டிலும் கொட்டினார்கள்.

"அக்கா, வேண்டாம்!" செவந்தி குறுக்கே போய் விழுந்தாள். "நான் சொன்னது பொய். அது வெறும் அடையாள வளையம்க்கா!"

"பாருங்கடி, தனக்குக் கிடைச்சது மத்தவங்களுக்குக் கிடைக்கக் கூடாதாம்," என்றாள் சம்பங்கி.

புள்ளியம்மா அப்படிப் பேசவில்லை. அவளுக்கு இப்போது பட்டுவின் மேல் பாசமே வந்துவிட்டது. "கோவிச்சுக்காதடி. உன் பிள்ளைக்கும் ஒரு வாய் தனியா எடுத்து வெச்சிருக்கேன். பாவம், அவன் காலும் மொட்டையா நிக்கக் கூடாதில்ல?" அலகு நிறைய எச்சத்தோடு அவள் பட்டுவை நெருங்கினாள். பட்டு ஆசையாக வாயைத் திறந்தான்.

செவந்தி பாய்ந்து அவன் தலையில் ஒரு கொத்துக் கொத்தினாள். பொரித்த நாளிலிருந்து அவனுக்கு விழுந்த முதல் அடி.

மதியம் வைத்தியர் வந்தபோது செவந்தி தன் காலை நீட்டினாள், பட்டுவின் காலையும் இழுத்து நீட்டினாள். இரண்டு வளையங்களும் கழன்றன.

"சீச்சீ, புழுகூடத் தங்காத குடும்பம்," என்று கொண்டையப்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செவந்தி ஓடைக்கு அக்கரையில் இருந்த பாறை மேட்டைப் பார்த்து நடந்தாள். பட்டு தலையைத் தடவிக்கொண்டே பின்னால் வந்தான்.

"அம்மா, அங்கே யாரு இருப்பாங்க?"

"யாரும் இருக்க மாட்டாங்க. அதுக்குத்தான் போறோம்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வரிசை மறுபடி தொடங்கியிருந்தது. யாருக்கு எத்தனை புழு என்று சண்டை நடக்கும் சத்தம் ஓடை வரைக்கும் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

நீதி: ஊரையே மருந்து குடிக்க வைக்க ஒரு நல்ல பொய் போதும், ஆனால் அதைச் சொல்வதற்கு முன்பே வேறு வீடு பார்த்து வைத்துக்கொள்ளவும்.