விலையில்லாச் சாதனத்துக்கு ஒரு பில்

"ஓசியில கிடைச்சதுன்னு எழுதினா நான் ஒத்துக்கணுமா? பில்லு எங்க?" என்று கேட்டார் ஆடிட்டர் சிவதாணு.

கேட்டது ஆரியங்கோடு ரப்பர் விவசாயிகள் சங்கத்தின் குமாஸ்தா சுனில்குமாரிடம். சங்கத்தின் வைஃபையில் யாரெல்லாம் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் மென்பொருள் ஒன்றை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கி, பஸ் ஸ்டாப்பில் நின்று சினிமா பார்த்த பதினோரு செல்போன்களைப் பிடித்திருந்தான். பாராட்டு வரும் என்று காத்திருந்தவனுக்கு வந்தது ஆடிட் ஆட்சேபம். அது நீங்காவிட்டால் மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாகாது. வேலை நிரந்தரமாகாமல் பாலராமபுரத்து ஆனந்தலட்சுமியின் அப்பா கல்யாணத்துக்குத் தேதி குறிக்கமாட்டார்.

மறுநாள் மென்பொருளின் லைசென்ஸை அச்சடித்துக் கொண்டுபோனான். இருபது பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற பக்கங்களையெல்லாம் தள்ளிவிட்டு, இதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது என்ற வரியில் விரலை ஊன்றினார் சிவதாணு.

"வாரண்டி இல்லாத சாதனத்தை ஆபீசில ஏத்தினது ஆருக்க அனுமதியில?"

பில்லையே கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று அமரவிளையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சிஜுவிடம் ஓடினான். பூஜ்யம் போட்டால் மெஷின் பில் அடிக்காது என்று சொல்லி, சிஜு ஒரு ரூபாய்க்கு அடித்துத் தந்தான்.

பில்லைப் பார்த்த சிவதாணு அடுத்த விதியை எடுத்தார். மூன்று கொட்டேஷன் இல்லாமல் சங்கத்தில் குண்டூசிகூட வாங்கக்கூடாதாம். சுனில் அலைந்து திரிந்து இன்னும் இரண்டு கடையில் வாங்கி வந்தான். அவர்கள் காசுக்கு விற்கும் மென்பொருளுக்கு எழுதித் தந்தார்கள். ஒன்று பதினெட்டாயிரம், மற்றது இருபத்திரண்டாயிரம்.

"இருபதாயிரத்துக்க முதலு ஒரு ரூவாய்க்கு எப்படிலே கிடைக்கும்? களவு முதலா?" என்றார் சிவதாணு.

சனியன் ஒழியட்டும் என்று சுனில் அந்த மென்பொருளையே அழித்துவிட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான். ஒரு ரூபாய்க்கு வாங்கிய சங்கத்துச் சொத்தைக் காணோம் என்று அன்று மாலையே புதிதாக ஓர் ஆட்சேபம் எழுதினார் சிவதாணு.

சுனிலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்று உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினான். இது உலகத்துக்கே பொதுவாகச் செய்த சாதனம், விலை கிடையாது, விலை இல்லாததற்குப் பில் கேட்பது முட்டாள்தனம், காணாமல் போன சொத்தை மூன்றே நிமிடத்தில் திரும்ப இறக்கியாகிவிட்டது, வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளவும்.

சிவதாணு அதை நிதானமாக இரண்டு தடவை படித்தார். ஒரு நகல் எடுக்கச் சொல்லிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். பிறகு ஃபைலைத் திறந்து, எல்லா ஆட்சேபமும் நீங்கியது என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நல்லா எழுதியிருக்க, மக்கா" என்றார். அவர் முகத்தில் சுனில் அதுவரை பார்க்காத நிம்மதி இருந்தது.

சுனிலுக்குத் தலைகால் புரியவில்லை. செக்ரட்டரியிடம் விடைபெற சிவதாணு உள்ளே போன நேரம் பார்த்து, வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் உண்ணியிடம் ஓடினான். உங்கள் சாருக்கு இவ்வளவு நல்ல மனசா என்று கேட்டான்.

உண்ணி குரலைத் தாழ்த்தினான்.

"மனசு ஒண்ணும் இல்லண்ணே. எங்க ஆபீசிலயும் இதே ஓசிச் சாதனமாக்கும். இவ்வளவு கேள்வியும் மேல இருந்து சாருக்கு வந்து மூணு மாசமாச்சு, பதில் எழுத ஆளில்லாம அலைஞ்சிட்டிருந்தாரு."