முட்டை எதிர்த்துப் பேசாது

வரைபடத்தில் இல்லாத ஒரு வனத்தில் பறவைகள் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டிருந்தன. அதாவது, காகங்கள் ஓட்டுப் போட்டன. குயில் ஆண்டது.

காகங்கள் குயிலைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அவரும் கறுப்பாக இருந்தார். "நம்ம ஆளு" என்றார்கள். குரலும் நன்றாக இருந்தது. அவர் கூடு கட்டியதில்லை, முட்டைமேல் உட்கார்ந்ததில்லை என்பதை யாரும் குறையாக நினைக்கவில்லை. முதல்வர் என்றால் ஆயிரம் வேலை இருக்கும்.

அந்த ஆண்டு அத்தி காய்க்கவில்லை. ஆலமரம் காய்த்தது. ஆனால் அதை முதல்வரின் உறவினர்கள் பார்த்துக்கொண்டார்கள். குஞ்சுகள் பசியில் கத்தின. தேர்தலுக்கு அதிக நாள் இல்லை.

"செயலாளரே, எங்க போனாலும் பழம் பழம்னு கேக்குறாங்க. வேற ஏதாவது பேசணுமே" என்றார் முதல்வர்.

செயலாளர் ஓர் ஆந்தை. பகலில் தூங்குபவர். அலுவலகம் பகலில்தான் நடந்தது. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"முட்டையைப் பற்றிப் பேசலாம், ஐயா."

"முட்டைக்கு என்ன?"

"ஒன்றுமில்லை. அதுதான் வசதி. குஞ்சு இரை கேட்கும். தாய் பழம் கேட்பாள். முட்டை எதையும் கேட்காது, எதிர்த்துப் பேசாது. அதன் சார்பாக நாம் எதைச் சொன்னாலும் மறுக்காது."

முதல்வர் கண் கலங்கினார். "இவ்வளவு நல்ல குடிமகனை இத்தனை நாளா கவனிக்காம விட்டுட்டோமே!"

முட்டை காப்புச் சட்டம் வந்தது. முட்டை ஒரு குடிமகன். அதை உடைப்பது கொலை. தண்டனை, கூட்டுக்குச் சொந்தக்காரிக்கு.

எதிர்க்கட்சித் தலைவரான கொக்கு இது போதாது என்றார். தாயின் வயிற்றில் இருக்கும்போதே முட்டை குடிமகன்தான் என்று ஆற்றோரம் ஒற்றைக்காலில் நின்று போராடினார். அவர் எப்போதும் அப்படித்தான் நிற்பார் என்றாலும் கூட்டம் கூடியது. முதல்வர் பயந்துபோய் அதையும் சட்டத்தில் சேர்த்தார். தாயின் உயிர் போகும் நிலை என்றால் மட்டும் செயலாளரிடம் அனுமதி வாங்கி உடைக்கலாம்.

பாம்புகளுக்கு மட்டும் விலக்கு. அவை முட்டையை உடைப்பதில்லை, முழுதாக விழுங்குகின்றன என்று அரசு விளக்கியது. கெட்டுப்போன முட்டையையும் கூட்டிலிருந்து அகற்றக் கூடாது என்று அடுத்த ஆணை வந்தது. வனம் நாறியது. அதற்குத் தாய்மையின் மணம் என்று பெயர் வைத்தார்கள். குஞ்சு பொரித்த நிமிடமே சட்டத்தின் பாதுகாப்பு முடிந்துவிடும். வெளியே வந்தவர்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது அரசின் கொள்கை.

இந்தச் சட்டத்தை உண்மையாகவே நம்பிய ஒருவன் இருந்தான். வீரணன் என்ற காகம். போன மழையில் அவன் கூட்டிலிருந்து ஒரு முட்டை விழுந்து உடைந்தது. அதை அவனால் மறக்க முடியவில்லை.

"வாயில்லாத சீவனுங்க. அதுங்களுக்காக ஒருத்தராவது பேசுறாரே" என்பான். முதல்வரின் கூட்டங்களில் முதல் வரிசையில் உட்காருவான்.

முதல்வர் பாடித்தான் கூட்டத்தைத் தொடங்குவார். காகங்கள் எல்லாம் கூட்டை விட்டுவிட்டுக் கேட்கப் போகும். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி கொண்ட முதல்வரின் மனைவி மட்டும் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. அதை அடக்கம் என்று புகழ்ந்தார்கள்.

வீரணனின் மனைவி பெயர் செல்லக்கிளி. அவளும் காகம்தான். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர். மூன்று முட்டை இட்டிருந்தாள். நான்காவது வயிற்றிலேயே மாட்டிக்கொண்டது. அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. மரங்கொத்தி டாக்டர் வடிவாம்பாள் வந்து பார்த்தார்.

"முட்டை குறுக்க நிக்குதுப்பா. உள்ளயே உடைச்சுத்தான் எடுக்கணும். சின்ன வேலைதான். விட்டா சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டா."

"உடைக்கிறதா? டாக்டரம்மா, அது வந்து..."

செல்லக்கிளி கண்ணைத் திறந்தாள். "சொல்லு. அது குடிமகன். அப்ப நான் யாரு?"

வீரணன் செயலாளரின் மரத்துக்குப் பறந்தான். டாக்டரும் பின்னால் போனார்.

"உயிர் போகும் நிலையில் இருக்கிறாரா?" என்று கேட்டார் செயலாளர், கண்ணைத் திறக்காமல்.

"ஆமாங்க ஐயா."

"போய்விட்டதா?"

"இன்னும் இல்லீங்க."

"போன பிறகு வாருங்கள். உடனே அனுமதி தரலாம்."

"போனப்புறம் அனுமதி எதுக்குங்க?"

"அவசரப்படுவதுதான் பொதுமக்களிடம் உள்ள குறை."

"ஐயா, நான் கட்சிக்காரன். இந்தச் சட்டத்துக்காக ஊர்வலம் போனவன்."

"உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் இந்தச் சட்டமே" என்றார் செயலாளர் அன்பாக.

டாக்டர் முன்னால் வந்தார். "செயலாளரே, இவன் பொண்டாட்டி இட்டது மூணு முட்டை. கூட்டுல இருக்கிறது நாலு. ஒண்ணு மட்டும் சின்னது. அது காக்கா முட்டை இல்ல. யாரோடதுன்னு நான் சொல்லணுமா? அவ செத்தா அதுவும் சில்லுனு ஆயிடும்."

செயலாளர் இரண்டு கண்களையும் திறந்தார். பகலில் அப்படி நடந்ததே இல்லை.

அவர்கள் கூட்டுக்குத் திரும்பும் முன்பே அனுமதி வந்து சேர்ந்தது. 'ஒரு முட்டையின் நலன் கருதி' என்று அதில் காரணம் சொல்லியிருந்தது. செல்லக்கிளி என்ற பெயர் எங்கும் இல்லை.

அவள் பிழைத்தாள். வீரணன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். எதற்கு அழுகிறாய் என்று அவள் கேட்கவில்லை.

தன் ஆட்சியில் ஒரு முட்டைகூட உடையவில்லை என்று முதல்வர் அன்று மாலை பாடினார்.

செல்லக்கிளி நான்கையும் அடைகாத்தாள். நான்கும் பொரிந்தன. சின்ன முட்டையிலிருந்து வந்ததற்கும் கிடைத்த இரையில் பங்கு கொடுத்தாள். "அது என்ன பண்ணும், பாவம்" என்றாள். எல்லாம் பறந்து போனதும், கூட்டைக் குச்சி குச்சியாகப் பிரித்துக் கீழே போட்டாள்.

"என்ன பண்றே?" என்றான் வீரணன்.

"சட்டம் கூட்டுக்காரிக்குத்தானே? நான் இனிமே கூட்டுக்காரி இல்ல."

அவன் மறுபக்கத்திலிருந்து ஒரு குச்சியை உருவினான். அன்றே கிளை கிளையாகப் போய், செயலாளர் எப்போது கண்ணைத் திறந்தார் என்பதை எல்லோரிடமும் சொன்னான்.

அந்தப் பருவத்தில் எந்தக் காகமும் கூடு கட்டவில்லை. ஏற்கெனவே கட்டிய கூடுகளையும் பிரித்தார்கள். வெறும் கிளையில் தனித்தனியாகத் தூங்கினார்கள். முட்டை என்ற பேச்சே இல்லை. செயலாளர் சட்டத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கூடு இல்லாதவர்களைத் தண்டிக்க அதில் ஒரு வரியும் இல்லை. எழுதியவர்கள் யாருக்கும் கூடு இல்லாததால், அந்த இடத்தை மட்டும் மிகக் கவனமாக எழுதியிருந்தார்கள்.

ஒரு நாள் உச்சிவெயிலில் டாக்டரின் பொந்துக்கு ஓர் அம்மாள் வந்தார். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். முகத்தை இறகால் மூடியிருந்தார்.

"டாக்டரம்மா, நாள் ஆகிடுச்சு. வைக்கிறதுக்கு எங்கயும் ஒரு கூடு இல்ல. வெளிய தெரியாம கலைச்சுட முடியுமா?"

சட்டப்படி கேட்க வேண்டிய கேள்வியை டாக்டர் கேட்டார்.

"உயிர் போற நிலைமையா?"

"இல்லம்மா. தேர்தல் வருது."