மூணு கால் மயில்

மயிலுக்கு மூன்று கால் இருந்தது.

எழிலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். அப்போதும் மூன்றுதான். எம்ப்ராய்டரி மெஷின் தன் வேலையை முடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஃபிரேமில் மாட்டியிருந்த துண்டுத் துணியில் கழுத்து அழகு, தோகை அதைவிட அழகு. கால்தான் ஒன்று கூடுதல்.

நல்லவேளையாகப் பட்டுத் துணியில் கை வைப்பதற்கு முன்னால் துண்டுத் துணியில் போட்டுப் பார்த்தான். அன்றைக்கு அவன் காட்டிய முன்ஜாக்கிரதை அது ஒன்றோடு தீர்ந்தது.

கடை அவன் மனைவி மோனிஷாவுடையது. திருத்தணியில் மலைக்குப் போகிற சாலையில் கல்யாண ஜாக்கெட்டுக்கு எம்ப்ராய்டரி போடுகிற கடை. டிசைன் எல்லாம் அவளே கம்ப்யூட்டரில் வரைந்தது, ஐந்து வருட உழைப்பு. அவள் மயிலுக்காகவே திருப்பதியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு.

அன்று காலை நூல் வாங்க அவளும், மெஷின் ஓட்டுகிற தமிழ்செல்வியும் சென்னைக்கு டிரெயின் ஏறப் புறப்பட்ட நேரத்தில் கடைக் கம்ப்யூட்டர் நீலத் திரையோடு நின்றுபோனது.

"பாவா, அது கெடக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன்" என்றாள் மோனிஷா. எழிலன் அவளுக்கு அத்தை மகன், அதனால் கல்யாணத்துக்கு அப்புறமும் பாவாதான். "மெஷின்ல மட்டும் கைய வெக்காதீங்க."

"ஆங், சரி."

சரி என்று சொன்னவன் சரியாக இருந்துவிட்டால் கதை ஏது? எழிலன் சாஃப்ட்வேர் கம்பெனி ஆள். வீட்டிலிருந்தே வேலை. ஒரு வருடமாகவே மோனிஷாவிடம் 'கிட்' என்கிற சாஃப்ட்வேரின் புராணம் பாடிக்கொண்டிருந்தான். "ஃபைல்ல இன்னா மாத்தினாலும் பழசையும் புதுசையும் தேதியோட பத்திரமா வெச்சிக்கும் மோனி. கம்ப்யூட்டரே எரிஞ்சாலும் கவலை இல்ல." ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பான். அவளும் மறுபேச்சு பேசாமல் எல்லா டிசைன்களையும் கொடுப்பாள். அவன் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடுகிற தன் லேப்டாப்பில் அவற்றை ஏற்றி, அங்கிருந்து இணையத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குவான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அவனுடைய லினக்ஸில் அந்த ஃபைல்கள் திறக்கவும் திறக்காது.

ஆகவே கம்ப்யூட்டர் நின்றதும் அவனுக்கு வருத்தத்துக்குப் பதில் சந்தோஷம்தான் வந்தது. "எல்லாந்தான் என்கிட்ட இருக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கடைக் கம்ப்யூட்டரை முழுசாக அழித்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றி, கிட்டிலிருந்து டிசைன்களை இறக்கினான். மோனிஷா திரும்பி வரும்போது அவசரமாகக் கொடுக்க வேண்டிய ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டே தயாராக இருக்க வேண்டும் என்பது திட்டம்.

இப்போது மயில் மூன்று காலில் நிற்கிறது.

சென்னையில் அவனோடு வேலை செய்கிற பெருமாளுக்குப் போன் போட்டான்.

"லினக்ஸ்ல இருந்து விண்டோஸுக்குப் போவுதா?" என்றான் பெருமாள், டாக்டர் நாடி பார்க்கிற தோரணையில்.

"ஆமாம்பா."

"அதான் பாரு. வரி முடிஞ்சா லினக்ஸ் ஒரு குறி போடும், விண்டோஸ் ரெண்டு குறி போடும். இறக்கறப்போ கிட்டு நடுவுல பூந்து ஒரு குறி சேர்த்துட்டிருக்கும்."

"அப்ப அந்தக் கூடுதல் குறிதான் கூடுதல் காலா?"

"வேற இன்னாவா இருக்க முடியும்?"

படித்த இரண்டு பேர் சேர்ந்து சொன்னால் தப்பாகவா இருக்கும்? எழிலன் கிட்டில் குறி சேர்க்கிற அந்த வசதியை அணைத்தான். டிசைன்களை அழித்துவிட்டு மறுபடி இறக்கினான். மெஷின் கடகடவென்று ஓடியது. மூன்று கால்.

"பழைய வெர்ஷனுக்குப் போ" என்றான் பெருமாள். "கிட்டு எதுக்கு இருக்குது?"

போன வாரத்துக்குப் போனான். காலெல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் அலகு இரண்டு. அதற்கு முந்தைய வாரத்துக்குப் போனான். தோகை கழுத்திலிருந்து கிளம்பியது. பின்னால் போகப் போக மயில் மோசமாகிக்கொண்டே வந்தது. கடைசியில், அவன் ஏற்றிய முதல் மயிலையே இறக்கிப் போட்டான். அதற்குத் தலையே இல்லை.

"பெருமாளு, பழசு மொத்தமும் கெட்டுக்கினு போச்சுடா!"

"பதறாத. கடைக் கம்ப்யூட்டர்ல ஒரிஜினல் இருக்குமே?"

"காலைல அழிச்சிட்டேன்."



"வீட்ல சொல்லிட்டியா?"

"அவ திரும்பி டிரெயின்ல வந்துகினு இருக்கா."

"அப்ப நீ எதிர்ப்பக்கம் போற டிரெயின் ஏறிடு" என்று சொல்லிவிட்டுப் பெருமாள் போனை வைத்தான்.

எழிலன் மற்ற டிசைன்களையும் துண்டுத் துணிகளில் போட்டுப் பார்த்தான். கிளிக்கு ஒரே இறக்கை. யானைக்குத் தும்பிக்கை வால் பக்கத்தில். மாங்காய்க்கு நடுவில் ஓட்டை. ஐந்து வருடம் அவள் முதுகு ஒடிய உட்கார்ந்து வரைந்ததெல்லாம் இப்படிக் கந்தலாகிக் கிடந்தது. பயத்தைவிட அவனுக்கு வெட்கம்தான் அதிகமாக இருந்தது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கடையில் வேண்டாத வேலை பார்த்தது யார்?

அந்த நேரம் பார்த்து லலிதாம்பாள் மாமி வந்து சேர்ந்தாள். மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கிற குடும்பம். நாளை மறுநாள் அவள் மகள் காமேஸ்வரிக்கு முகூர்த்தம்.

"ஜாக்கெட் ஆயிடுத்தாப்பா?"

எழிலன் துண்டுத் துணிகளை அள்ளி முதுகுக்குப் பின்னால் மறைத்தான். ஒன்று நழுவி மாமியின் காலடியில் விழுந்தது. மாமி எடுத்துப் பார்த்தாள்.

"என்னப்பா இது, மயிலுக்குத் தலையைக் காணோம்?"

"தலை இன்னும் இறங்கல மாமி. நெட்டு ஸ்லோ."

"முருகனோட வாகனம்பா இது! அவன் மடைப்பள்ளியில அடுப்பு மூட்டறவா நாங்க. தலையில்லாத மயிலைத் தோள்ல வெச்சுண்டா என் பொண்ணு மணையில உக்காரணும்?"

"நீங்க வீட்டுக்குப் போங்க மாமி. ஆனதும் நானே கொண்டாந்து தர்றேன்."

"மோனிஷா வரட்டும். அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்" என்று மாமி நாற்காலியை வாசல் ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஓடிப் போகலாம் என்றிருந்த ஒரே வழியும் அடைபட்டது.

சாயங்காலம் மோனிஷாவும் தமிழ்செல்வியும் நூல் மூட்டையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். எழிலன் மூட்டையை வாங்கக்கூட மறந்து, வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"மோனி, நீ மெஷின்ல கைய வெக்காதன்ன, வெச்சிட்டேன். கம்ப்யூட்டர அழிச்சிட்டேன். கிட்டுல இருந்து எடுத்தா மயிலுக்கு மூணு காலு, கிளிக்கு ஒரு றெக்கை. அஞ்சு வருஷம் நீ செஞ்சதெல்லாம் போச்சு. என்ன இன்னா வேணா திட்டு."

மோனிஷா அவன் கையிலிருந்த மூன்று கால் மயிலைப் பார்த்தாள். முகம் என்னவோ போல ஆனது.

"பாவா, மொதல்ல தண்ணி குடிங்க" என்றாள். கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். "எல்லா டிசைனும் இதுல இருக்குது. இத நான் எங்கயும் வுட்டுட்டுப் போறதில்ல."

"எல்லாமா?"

"ஒண்ணு வுடாம."

மெஷின் ஓடியது. எழிலன் மூச்சை அடக்கிக்கொண்டு பட்டுத் துணியைப் பார்த்தபடி நின்றான். கால் இரண்டு. தலை ஒன்று. அலகு ஒன்று. தோகை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. லலிதாம்பாள் மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அப்பனே தணிகாசலா!" என்றாள். எழிலனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்பாடா என்று அவன் விட்ட மூச்சில் மேஜை மேலிருந்த துண்டுத் துணியெல்லாம் பறந்தது.

மோனிஷா அவனைத் திட்டவே இல்லை. எப்படி ஆச்சு, ஏன் ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க உள்ளறைக்குப் போய்விட்டாள். பாவம், அழுகிறாள் என்று எழிலன் நினைத்துக்கொண்டான். தங்கமான பெண்டாட்டியை இப்படி அழவைத்துவிட்டதே என்று அவனுக்குக் கிட்டின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மாமி போனதும் லேப்டாப்பைத் திறந்து கம்பெனி ஆட்கள் எல்லாருக்கும் ஓர் எச்சரிக்கை அடித்தான். நூல் கண்டுகளை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்த தமிழ்செல்விக்கு உரக்கப் படித்தும் காட்டினான்.

"'லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு ஃபைல் போகும்போது கிட் அதைச் சின்னாபின்னமாக்குகிறது. தயவுசெய்து யாரும் நம்ப வேண்டாம்.' எப்படி இருக்கு? நீயும் பாத்தியே, எழுதலாம் இல்ல?"

தமிழ்செல்வி உள்ளறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அத அனுப்பாதீங்கண்ணா, பாவம், அது குடுத்தத குடுத்த மாதிரியேதான் வெச்சிருக்குது. கடைய வுட்டு வெளிய போற டிசைனு எதுவா இருந்தாலும், திருட்டுப் போனா கண்டுபுடிக்க ஒரு தப்ப வெச்சித்தான் குடுக்கறது எங்க தொழில் வழக்கம். உங்களுக்குக் குடுக்கறதையெல்லாம் சனிக்கிழமைல அக்காதான் கெடுத்து வெப்பாங்க, அந்த மூணாவது காலு மட்டும் நான் போட்டது."