கீரி வைத்த கைநாட்டு

ஒரு காட்டில் திடீரென்று எல்லோரும் தும்மத் தொடங்கினார்கள். முயல் தும்மியது, மான் தும்மியது, எதற்கும் அவசரப்படாத ஆமைகூட ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு தும்மியது. தும்மல் பரவாமல் இருக்க எல்லாவற்றையும் மூடினார்கள். பத்தே நாளில் சந்தையைத் திறந்தார்கள். ஒரு மாதத்தில் கல்யாண மண்டபங்களைத் திறந்தார்கள். மருத மரத்தடியில் இருந்த தொடக்கப் பள்ளியைத் திறக்க மட்டும் இரண்டு வருஷம் மறந்துபோனார்கள்.

அதுவரை பாடம் செல்போனில் நடக்கும் என்று சுற்றறிக்கை வந்தது. செல்போன் யாரிடம் இருக்கிறது, சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இல்லை. சுற்றறிக்கைகளில் அதெல்லாம் இருப்பதில்லை.

அந்தக் காட்டின் கிழக்கு ஓரத்தில் அன்னக்கொடி என்ற கீரி இருந்தாள். அவளுக்கு மிதுஷா என்று ஒரே மகள். ஜோசியம் பார்க்கும் ஆந்தை ராசிக்குப் பொருத்தமாக வைத்த பெயர் அது. அன்னக்கொடிக்கு அது வாயில் நுழையவே ஒரு வாரம் ஆனது. மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது அவள் கைநாட்டு வைத்தாள். பள்ளி எழுத்தர் அணில், பதிவேட்டில் எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்: "தாய், எழுதப் படிக்கத் தெரியாதவர்." அன்னக்கொடிக்குத் தெரிந்த விஷயம்தான். வரிசையில் பின்னால் நின்ற முப்பது பேருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஏழு பிள்ளைகளில் அவள் மூத்தவள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அந்தத் தம்பி தங்கைகள் எல்லோரும் படித்தார்கள்.

மிதுஷாவைச் சேர்த்த இரண்டு வாரத்தில் தும்மல் வந்து பள்ளியை மூடிவிட்டார்கள். கிழக்கு ஓரத்தில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று, அது ஒரு புற்றின் உச்சி. புற்றுக்குள் நாகலிங்கம் என்ற நல்ல பாம்பு குடியிருந்தார். கீரிக்கும் பாம்புக்கும் இருக்கும் பகை ஊரறிந்தது. ஆனால் பகை பார்த்தால் சிக்னல் கிடைக்காது. கடித்துக் குதறுவதைத் தொற்று முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி முடித்தார்கள். அன்னக்கொடி மகளோடு புற்றின்மேல் உட்கார்ந்தாள். நாகலிங்கம் உள்ளே இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். வேறு வழியும் இல்லை, கூரைக்கு மேலே வகுப்பு நடந்தால் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

பாடம் நடத்தியவர் சகாயமேரி டீச்சர் என்ற கொக்கு. முதல் நான்கு நாள் மிதுஷா ஒழுங்காக உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் ஒரு வெட்டுக்கிளி குறுக்கே தாவியது. டீச்சர் "மிதுஷா" என்று வருகைப் பதிவுக்குக் கூப்பிட்டபோது பிள்ளை வெட்டுக்கிளியின் பின்னால் ஓடைவரை போயிருந்தாள். ஆப்சென்ட் போட்டால் பெயரை எடுத்துவிடுவார்களோ என்று அன்னக்கொடிக்குப் பதறியது. டேட்டா தீர்ந்துவிடும் என்று கேமராவை முன்பே அணைத்து வைத்திருந்தாள். தொண்டையைச் சுருக்கிக்கொண்டு, பிள்ளைக் குரலில் சொன்னாள்:

"உள்ளேன் டீச்சர்."

வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையைச் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படியும் ஒரு சந்தோஷம் இருக்கிறதா என்று தோன்றியது.

மறுநாளும் மகளைத் தேடிப் பிடித்திருக்கலாம். தேடினாள், கொஞ்சம் மெதுவாகத் தேடினாள். பிறகு தேடுவதையே விட்டுவிட்டாள். டீச்சர் 'அ' சொன்னால் இவள் 'அ' சொன்னாள். டீச்சர் எழுதச் சொன்னதைப் புற்று மண்ணில் நகத்தால் எழுதிப் படம் பிடித்து அனுப்பினாள். மாதத் தேர்வு எழுதினாள். முதல் ரேங்க் வாங்கினாள். மிதுஷா என்ற பெயரில் 'இந்த வார நட்சத்திரம்' சான்றிதழ் பதினாறு முறை வந்தது. மகளோ செல்போன் கைக்கு வந்ததும் பலூன் உடைக்கும் விளையாட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டாம் கட்டம்வரை போயிருந்தாள். ஆளுக்கொரு துறை.

இரண்டாம் வருஷம் அன்னக்கொடி ஒரு காரியம் செய்தாள். வகுப்பு முடிந்தபின் தன் பெயரை எழுதிப் பழகினாள். பள்ளி திறக்கும் நாளில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்காமல் இருக்கமாட்டார்கள். அன்றைக்கு அணில் எழுத்தருக்கு முன்னால், வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் முன்னால், 'மு. அன்னக்கொடி' என்று போட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"ஏத்தா, கொஞ்சம் மெதுவாக் கீறு," என்றார் நாகலிங்கம் உள்ளேயிருந்து. "மழை பேஞ்சா வீட்டுக்குள்ள ஒழுகுது."

"இந்தக் 'கொ' ஒண்ணுதான். கோணலா வருது."

"கொம்பை முதல்ல போடச் சொன்னாகள்ல டீச்சர்."

ஒருவழியாகப் பள்ளி திறந்தது. மிதுஷா இப்போது மூன்றாம் வகுப்பு. அன்றைக்கு வகுப்பறை எப்படி இருந்தது என்றால், மான் குட்டி டீச்சரை அண்ணாந்து பார்த்து, "நீங்க இம்புட்டுப் பெருசா?" என்று கேட்டது. இரண்டு வருஷமாக அது பார்த்த டீச்சர் ஒரு விரல் உயரம்தான். முயல் குட்டி பாதிப் பாடத்தில் எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தது. டீச்சர் ஒரு நிமிஷம் மூச்சு வாங்க நின்றதும், "டீச்சர், மியூட்ல இருக்கீங்க," என்று நாலைந்து குரல் எழுந்தது.

பின்வரிசையில் வட்டாரக் கல்வி அலுவலர் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு காட்டெருமை, பெயர் திருஞானம். இரண்டு பெஞ்சை ஒன்றாகப் போட்டு அவருக்கு இடம் செய்திருந்தார்கள். கையில் கற்றல் இழப்புப் படிவம் வைத்திருந்தார். அதில் மூன்று கட்டங்கள்: முழு இழப்பு, பாதி இழப்பு, இழப்பு இல்லை. யாராவது எதையாவது புதிதாகக் கற்றிருந்தால் எழுத அதில் இடமில்லை.

பெற்றோர்கள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்காக ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். அன்னக்கொடி நகங்களைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள்.

டீச்சர் பதிவேட்டைத் திறந்தார். "மிதுஷா."

மிதுஷா பேசாமல் உட்கார்ந்திருந்தாள். தன் பெயரைக் கூப்பிட்டால் அம்மாதான் பதில் சொல்வாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஜன்னலைப் பார்த்தாள்.

"மிதுஷா," என்றார் டீச்சர் மறுபடியும்.

"உள்ளேன் டீச்சர்," என்றது ஜன்னல்.

அன்னக்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு வருஷப் பழக்கம், நாக்கு அவளைக் கேட்கவில்லை. டீச்சர் நீண்ட கழுத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். அந்தக் குரலை அவருக்குத் தெரியாதா என்ன. திக்கித் திணறி 'அ' சொன்ன நாளிலிருந்து கேட்ட குரல் ஆயிற்றே.

"யாரது?" என்றார் அலுவலர்.

"எக்கோ சார்," என்றார் டீச்சர். "ஆன்லைன் கிளாஸ்ல இருந்தே இருக்கு. இன்னும் சரியாகலை."

உண்மை தெரிந்தால் டீச்சருக்கும் தலைவலிதான். அவர் வகுப்பு இரண்டு வருஷமும் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அதற்காகத் தலைமையாசிரியர் வாங்கிய கேடயம் அலமாரியில் இருந்தது.

அலுவலர் 'எக்கோ' என்று எழுதிக்கொண்டு, முதல் ரேங்க் வாங்கிய பிள்ளையைக் கூப்பிட்டார். கரும்பலகையில் 'மரத்தில் பழம் இருக்கிறது' என்று எழுதியிருந்தது. அதைப் படிக்கச் சொன்னார். மிதுஷா பலகையருகே போய், இரண்டு விரலை எழுத்தின்மேல் வைத்து விரித்தாள். எழுத்து பெரிதாகவில்லை. பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தாள்.

"ஹேங் ஆயிருச்சு சார்," என்றாள்.

அலுவலர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பிள்ளையா முதல் ரேங்க்? அப்ப பரீட்சை எழுதுனது யாரு? வேற யாராவது எழுதியிருந்தா அதுக்குப் பேரு ஆள்மாறாட்டம். பிள்ளை பேரைப் பள்ளியிலிருந்தே எடுத்துரணும். தாயைக் கூப்பிடுங்க."

அன்னக்கொடி உள்ளே வந்தாள்.

"நீதானம்மா கூட உக்காந்திருந்தே? நீ எழுதிக் குடுத்தியா?"

அவள் பதில் சொல்வதற்குள் அலுவலரே சம்மதக் கடிதத்தை நீட்டினார். "சரி, முதல்ல இதுல கையெழுத்துப் போடு."

அன்னக்கொடி கடிதத்தைப் பார்த்தாள். எழுத்துகள் அவளுக்காகவே காத்திருந்த மாதிரி ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. 'என் பிள்ளையை என் சொந்த விருப்பத்தில் பள்ளிக்கு அனுப்புகிறேன். பிள்ளைக்கு எது நேர்ந்தாலும் பள்ளி பொறுப்பல்ல. இதைப் பிறர் படிக்கக் கேட்டுப் புரிந்துகொண்டேன்.' ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டாள். உதடு அசையாமல் இருக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு கோடு. 'மு. அன்னக்கொடி' கச்சிதமாக உட்காரும் அளவுக்கு நீளம்.

ஜன்னலில் முப்பது முகங்கள் இருந்தன. மேசை ஓரத்தில் பேனாவும் இருந்தது, ஸ்டாம்ப் பேடும் இருந்தது. பெஞ்சில் மகள் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். புத்தகப் பை அவளைவிடக் கொஞ்சம் பெரிது. இவள் பெயரை எடுத்துவிட்டால், நாளைக்கு இவளும் எங்கேயோ ஒரு வரிசையில் நின்று தலைகுனிவாள்.

"எங்கிட்டு வைக்கணுங்கய்யா?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

அணில் எழுத்தர் கோட்டைத் தொட்டுக் காட்டினார். அவள் பாதத்தை மையில் அழுத்தி, கடிதத்தில் அழுத்தினாள்.

அலுவலர் முகம் தெளிந்தது. "கைநாட்டா? பதிவேட்டிலும் அப்படித்தான் இருக்கு. அப்ப இவ எழுதியிருக்க வழியில்லை. பிள்ளைதான் எழுதியிருக்கு." படிவத்தில் நிதானமாக எழுதினார்: 'மாணவி வீட்டில் இருந்தவரை முதல் ரேங்க். வகுப்பறைக்குள் நுழைந்ததும் அனைத்தையும் மறந்துவிட்டார். இழப்புக்குக் காரணம் வகுப்பறை. மூன்றாம் வகுப்பில் தொடரலாம்.' பிறகு இரண்டு பெஞ்சும் முனக எழுந்து போனார்.

கூட்டம் கலைந்தபின் டீச்சர் ஈரத் துணி ஒன்றை அன்னக்கொடியிடம் கொடுத்தார். அவள் மையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, வேறெங்கோ பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

"கடைசிப் பரீட்சையில ஏழாவது கேள்வியை விட்டுட்டீங்களே. தெரியலையா, நேரம் பத்தலையா?"

"நேரம் பத்தல டீச்சர்," என்றாள் அன்னக்கொடி. சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் ஒற்றைக் காலில் நின்றபடி இன்னும் கொஞ்ச நேரம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் புற்றிலிருந்து தலை நீண்டது.

"போட்டியாத்தா கையெழுத்து?"

"கைநாட்டு வச்சிட்டு வந்தேன்."

தொற்று முடிந்துவிட்டது, பழைய பகையை ஆரம்பிக்கலாம் என்று இருவருக்குமே தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

சாயங்காலம் மிதுஷா பள்ளியிலிருந்து வந்தாள்.

"இன்னைக்கு என்ன நடத்துனாக?"

"அ," என்றாள் மிதுஷா. பையை எறிந்துவிட்டு வெட்டுக்கிளியின் பின்னால் ஓடினாள்.

அன்னக்கொடி பையிலிருந்து மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்தாள். அதன் புது வாசனையை ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள். புற்றின்மேல் ஏறி உட்கார்ந்து முதல் பாடத்தை விரித்தாள். பாடம் தொடங்கும் முன்பு செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டே. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நாகலிங்கம்."

புற்றுக்குள்ளிருந்து பதில் வந்தது:

"உள்ளேன் டீச்சர்."

நீதி: நீங்கள் படித்துவிட்டதை வெளியே சொல்லாதீர்கள். பள்ளிக்கூடத்தின் நூற்றுக்கு நூறு கெட்டுப்போகும்.